ஒளித்து வைப்பதற்கும் ஒரு முறை உண்டு

2011 ஜூலை மாதம். இங்கிலாந்தில் யார்க்‌ஷையர் பக்கம் வெதர்பி என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு காபிக் கடைக்கு வெளியே ஒருவர் குனிந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என்னவோ செய்துவிட்டுப் போகிறார். பார்த்தவர்களுக்குச் சந்தேகம். போலீசுக்குப் போன் போகிறது. தெருவைக் காலி செய்கிறார்கள், ராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் வருகிறார்கள், டப்பாவைப் பாதுகாப்பாக வெடிக்க வைக்கிறார்கள். பிறகு பார்த்தால் அது குண்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு விளையாட்டுச் சாமான்!

அந்த விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான். இதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றும். ஆனால் உலகம் முழுக்க லட்சக்கணக்கான டப்பாக்கள் இப்படி ஒளிந்திருக்கின்றன.

இது பிறந்த கதை சுவாரசியமானது. அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிப்போகும். 2000 மே 2 அன்று இந்தப் பிழையை நிறுத்தினார்கள். மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊர்ப்பக்கம் டேவ் உல்மர் என்பவர் ஒரு கருப்பு வாளியைக் கொண்டுபோய் மறைத்து வைத்து, இடத்தை இணையத்தில் சொன்னார். சில நாட்களிலேயே ஆட்கள் தேடிப் போய் எடுத்துவிட்டார்கள்.

ஆரம்பத்தில் விதி என்று பெரிதாக எதுவும் கிடையாது. டப்பாக்கள் காட்டிலிருந்து குடியிருப்புகளுக்குள் வந்தபோதுதான் சிக்கலும் வந்தது. அடுத்தவர் வேலி ஓரத்தில் வைத்தால் தேடுபவன் அந்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பதுபோல நிற்பான். வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? அதனால் விதிகள் ஒவ்வொன்றாக வந்தன. இடத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி கேள். மண்ணைத் தோண்டிப் புதைக்காதே. பள்ளிக்கூடம், ரயில் பாதை, ராணுவ இடம் பக்கம் போகாதே. இன்னொரு டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளி வை. வெளியே இது இன்னதென்று எழுதி ஒட்டு. (வேடிக்கை என்னவென்றால், உல்மர் வைத்த முதல் வாளியே பாதி மண்ணில் புதைத்ததுதான். இன்றைய விதிப்படி அதற்கு இடமில்லை!)

இந்த விளையாட்டு நம்ம பக்கம் அவ்வளவாகப் பரவவில்லை. பரவவும் கஷ்டம். விழுப்புரம் மாவட்டத்துத் தெரு ஒன்றில் தெரியாத ஆள் ஒருவன் கையில் கருவியோடு காம்பவுண்டு சுவர் ஓரமாக இரண்டு தடவை குனிந்து நிமிர்ந்தால் போதும். மூன்றாவது தடவைக்குள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா "யாருப்பா நீ, யார் வூட்டுப் புள்ள?" என்று கேட்டுவிடுவார். அதற்கும் மேலே போனால் புதையல் எடுக்க வந்தவன் என்று பேர் கட்டிவிடுவார்கள்.

அந்தப் பேர் சும்மா வந்ததில்லை. ஏனென்றால் இந்த மண்ணில் நிஜமாகவே ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதுவும் விளையாட்டுக்கு இல்லை.

சென்னையிலிருந்து திருச்சி போகிறவர்களுக்கு விக்கிரவாண்டி என்றால் டோல்கேட்டும், பஸ் நிற்கும் ஓட்டல்களும்தான் நினைவுக்கு வரும். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் எண்ணாயிரம், எசாலம், பிரம்மதேசம் என்று வரிசையாகச் சோழர் காலத்து ஊர்கள். எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் ஒரு பெரிய கல்லூரியே நடந்திருக்கிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், அவர்களுக்குத் தினசரி எவ்வளவு நெல் என்பது உட்பட எல்லாம் கல்வெட்டில் இருக்கிறது. அதாவது, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஹாஸ்டல் மெஸ் கணக்கு. கவி காளமேகம் பிறந்த ஊர் இதுதான் என்றும் சொல்வார்கள்.

அதற்குப் பக்கத்து ஊர் எசாலம். அங்கே திருஇராமநாதேசுவரம் என்று ஒரு சிவன் கோயில். ராஜேந்திர சோழனின் குருவாக இருந்த சர்வசிவ பண்டிதர் கட்டியது. 1987-ல் அந்தக் கோயிலில் திருப்பணி வேலை நடந்தபோது மண்ணுக்கு அடியிலிருந்து செப்புத் திருமேனிகள் வெளியே வந்தன. பூசைக்கான பொருட்கள் வந்தன. கூடவே, ஒரு வளையத்தில் கோத்து ராஜேந்திரனின் முத்திரை பதித்த 15 செப்பேடுகளும் வந்தன! ராஜேந்திரனின் 25-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1036-37 வாக்கில், கோயிலுக்குக் கொடுத்த நிலதானம் பற்றிய சாசனம் அது. தொல்லியல் அறிஞர் இரா.நாகசாமி இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம், சாமியை மட்டும் இல்லாமல் பத்திரத்தையும் சேர்த்து மறைத்திருக்கிறார்கள் என்பது. செப்பேடு என்றால் நம்ம பாஷையில் சொத்துப் பத்திரம். தோண்டி எடுப்பவன் யாராக இருந்தாலும் படிக்கத் தெரிந்தால் போதும், இது எந்தக் கோயிலுடையது, யார் கொடுத்தது, என்ன உரிமை என்று தெரிந்துகொள்வான். ஜியோகேச் டப்பாவுக்குள் நோட்டு ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும் என்பது 2000-க்குப் பிறகு வந்த விதி. எசாலத்துக் குழிக்குள் இருந்த நோட்டு செம்பில் அடித்தது. அதனால்தான் கரையான் தின்னாமல் பிழைத்தது.

சரி, ஏன் ஒளிக்கவேண்டும்? இந்த வட்டாரத்து வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினாலே பதில் கிடைத்துவிடும். இது வடக்கிலிருந்து தெற்கே போகும் படைகளின் பாதை. 1311-ல் மாலிக் காபூர் தமிழ்நாட்டுக்குள் வந்தார். 1323-ல் உலூக் கான். பிறகு செஞ்சிக் கோட்டைக்காக ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்கள். 1677-ல் சிவாஜி பிடித்தார். 1690-லிருந்து 1698 வரை மொகலாயப் படை முற்றுகை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எட்டு வருஷம் ஒரு படை ஒரு இடத்தில் உட்கார்ந்தால் சுற்றுப்பட்டு ஊர்களில் வைக்கோல்கூட மிஞ்சாது. அதற்கப்புறம் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும். 1752-ல் விக்கிரவாண்டியிலேயே ஒரு சண்டை. மேஜர் கின்னீர் தலைமையில் வந்த ஆங்கிலப் படை பிரெஞ்சுப் படையிடம் தோற்று ஓடியது. அப்புறம் ஹைதர் அலி. இன்ன மதத்துக்காரன் என்றில்லை, படை என்று வந்தாலே உலோகம் போய்விடும். செம்பு, பித்தளை எல்லாம் உருக்கினால் காசு, இல்லையென்றால் பீரங்கி.

கருவறையில் இருக்கும் மூலவர் கல். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடமுடியாது. வீதியுலா போகும் உற்சவர்தான் செம்பு. அதனால் ஆபத்து என்றால் முதலில் காப்பாற்றவேண்டியவர் உற்சவர். ஒன்று தூக்கிக்கொண்டு ஓடவேண்டும், இல்லையென்றால் புதைக்கவேண்டும். இரண்டுக்கும் முறை இருந்தது.

புதைப்பதற்கான முறையை ஆகம நூல்களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். மரீசி முனிவர் பெயரில் வழங்கும் விமானார்ச்சன கல்பம் என்ற வைகானச நூலில், கள்வர் பயம் எதிரிப் படை பயம் வந்தால் என்ன செய்வது என்று தனியாகவே சொல்லியிருக்கிறது. மறைவான இடத்தில் குழி தோண்ட வேண்டும். மணல் பரப்ப வேண்டும். முதலில் பூமாதேவியை வணங்க வேண்டும். திருமேனியில் இருக்கும் சக்தியை மூலவருக்கு மாற்றிவிட்டு, ஆபத்து நீங்கும்வரை பூமியோடு சேர்ந்து இங்கே சயனித்திருக்க வேண்டும் என்று சாமியிடமே கேட்டுக்கொண்டு, பிறகுதான் படுக்கவைத்து மூட வேண்டும். ஆபத்து போனதும் எடுத்துச் சுத்தி செய்து, மறுபடி பிரதிஷ்டை செய்து, பழையபடி பூசை.

யோசித்துப் பாருங்கள். வாசலில் படை நிற்கிறது. அந்த நேரத்தில் ஒரு அர்ச்சகர் குழிக்குள் மணல் பரப்பிக்கொண்டு, மண்ணிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இருக்கிறார். இன்று ஜியோகேச் வைப்பவர் நிலத்தின் சொந்தக்காரரிடம் கேட்கவேண்டும் என்பது விதி. அவர் கேட்டது நிலத்திடமே. வைக்கப்போகும் பொருளிடமும் கேட்டார்!

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. தமிழ்நாட்டில் பல இடங்களில் புதைந்த திருமேனிகளைத் தோண்டி எடுத்தபோது ஆற்று மணல் படுக்கை இருந்திருக்கிறது. பெரும்பாலும் கோயில் வளாகத்துக்குள்ளேயே வைத்தார்கள், அடுத்தவன் வீட்டுக் கொல்லையில் இல்லை. இந்த முறையில் ஒரு நியாயம் தெரிகிறது. மாட்டிக்கொண்டால் கோயில் மாட்டிக்கொள்ளட்டும், ஊரில் இருக்கும் ஒருவனுடைய கூரை எரியவேண்டாம். அதோடு, எல்லோரும் செத்துப்போனாலும் கோயில் சாமி கோயில் மண்ணிலிருந்துதான் வரும்.

தூக்கிக்கொண்டு ஓடிய கதைகள் வேறு மாதிரி. ஸ்ரீரங்கத்து நம்பெருமாளை 1323 படையெடுப்பின்போது பிள்ளை லோகாசாரியார் தலைமையில் எடுத்துக்கொண்டு போனார்கள். லோகாசாரியார் மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் காலமானார். சாமி ஊர் ஊராகப் போய்க் கடைசியில் திருமலைக்குச் சேர்ந்தது. திரும்ப அழைத்து வந்தது யார் தெரியுமா? செஞ்சியில் இருந்த விஜயநகரத் தளபதி கோபண்ணா. திருமலையிலிருந்து கொண்டுவந்து செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்தில் வைத்திருந்து, 1371-ல் ஸ்ரீரங்கத்தில் சேர்த்தார். சுமார் 48 வருஷம்! விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு கிளைக்கதை கோயிலொழுகில் இருக்கிறது. சாமி திரும்பி வந்தபோது ஸ்ரீரங்கத்தில் வேறு ஒரு உற்சவர் பூசையில் இருந்தார். இவ்வளவு காலத்தில் பழைய சாமியை நேரில் பார்த்தவர்கள் யாரும் மிச்சமில்லை. எது நிஜம்? ஊரே குழம்பி நின்றபோது, சாமி வஸ்திரங்களைத் துவைத்துக்கொண்டிருந்த ஒரு வயதான சலவைத் தொழிலாளி வந்தாராம். அவருக்குக் கண் தெரியாது. இரண்டு சாமிக்கும் திருமஞ்சனம் செய்து, அந்த ஈரத் துணியின் தீர்த்தத்தைக் கொடுத்தார்கள். வாங்கிப் பார்த்துவிட்டு "இவரே நம்பெருமாள்" என்று அடையாளம் சொன்னாராம். அந்தப் பெயரே அப்போதுதான் வந்தது என்பார்கள். நடந்ததோ இல்லையோ, கதை பிடித்திருக்கும் இடம் சரியானது. ஒளித்து வைத்ததன் உரிமையை நிரூபிக்கிற கடைசி சாட்சி பெரிய மனிதர் யாரும் இல்லை, தினசரி பழகியவர்.

காஞ்சிபுரம் வரதராஜர் கதையில் சிக்கல் வேறு விதம். 1688-ல் மொகலாயப் படை பயத்தில் உற்சவரைப் பிணம் போல மூடி எடுத்துக்கொண்டுபோய் உடையார்பாளையத்தில் வைத்தார்கள். பயம் தீர்ந்து திரும்பக் கேட்டபோது உடையார்பாளையம் ஜமீன்தாருக்குக் கொடுக்க மனசு வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் வைத்துப் பூசை செய்தவர், எப்படி வரும்? கடைசியில் ராஜா தோடர்மால் என்பவர் தலையிட்டு 1710-ல் சாமி காஞ்சிக்குத் திரும்பியது. கோயிலில் அதற்குக் கல்வெட்டும் வைத்திருக்கிறார்கள். பொருளை ஒருவரிடம் அடைக்கலம் வைக்கும்போது, வைத்திருப்பவருக்கு அதன்மேல் ஆசை வந்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டியிருக்கிறது. காமர்ஸ் வகுப்பில் இதை பெயில்மென்ட் என்று இரண்டு பக்கத்தில் முடித்துவிடுவார்கள்.

சிதம்பரம் நடராஜரும் இப்படி 1648-லிருந்து 1686 வரை குடுமியான்மலை, மதுரை என்று வெளியூர் வாசம் இருந்தவர்தான்.

இவையெல்லாம் திரும்பி வந்த சாமிகள். பெரிய கோயில்கள், பெரிய மடங்கள், பின்னால் ராஜாக்கள். எசாலம் மாதிரிச் சின்ன ஊரில்? புதைத்தவர் இரண்டு மூன்று பேர் இருந்திருப்பார்கள். ரகசியம் காக்கவேண்டும் என்றால் தெரிந்தவர்கள் குறைவாக இருக்கவேண்டும். திரும்ப எடுக்கவேண்டும் என்றால் தெரிந்தவர்கள் நிறைய இருக்கவேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பஞ்சத்திலோ சண்டையிலோ அந்த இரண்டு மூன்று பேர் போய்விட்டால் கதை முடிந்தது. இடத்தை எழுதி வைத்தால் எதிரி படிப்பான், எழுதாவிட்டால் பேரன் தோண்டமாட்டான். ஜியோகேச்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, உலகத்துக்கே இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஒளிக்கிறார்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சோழர்கள் கணக்கு எழுதுவதில் மன்னர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்த்தால், அறுபதுக்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளுக்கு உயரம் எத்தனை முழம் எத்தனை விரல், எத்தனை கை, எந்த நகையில் எத்தனை முத்து என்று சுவரிலேயே இருக்கிறது. உலகத்தில் எந்தக் கம்பெனியும் தன் ஸ்டாக் ரிஜிஸ்டரை இப்படிச் சுவரில் செதுக்கி வைத்ததில்லை. இருந்தும் அந்தத் திருமேனிகளில் இன்று கோயிலில் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இருப்பு எவ்வளவு என்பதற்கு நிரந்தரமான கல் உண்டு. எங்கே மாற்றி வைத்தோம் என்பதற்கு ஒரு ஓலைச் சீட்டுகூடக் கிடையாது, வைக்கவும் முடியாது.

அப்படி மறந்துபோனவற்றின் மேல்தான் பிறகு ஊர் வளர்ந்தது. கோயில் இடிந்தது, பிராகாரம் வயலானது, வயல் மனையானது. ஒளித்தவர் கோயில் நிலத்தில்தான் ஒளித்தார். ஆனால் முன்னூறு நானூறு வருஷம் கழித்து அது யாரோ ஒருவர் குடியிருக்கும் இடம். அவர் பாட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார், கடப்பாரையில் ணங் என்று சத்தம் கேட்கிறது. அதோடு அவர் நிம்மதி போயிற்று.

1976-ல் திருவாரூர் பக்கம் பத்தூரில் நடந்தது இதுதான். இடிந்துபோன சிவன் கோயில் பக்கத்தில் குடிசை போட்டிருந்த ஒரு கூலித் தொழிலாளி மண் தோண்டும்போது நடராஜர் கிடைத்தார். அவர் அதைச் சொற்ப விலைக்கு விற்றார். அது கை மாறிக் கை மாறி லண்டன் போய், 1982-ல் பம்ப்பர் டெவலப்மென்ட் என்ற கனடாக் கம்பெனி வாங்கியது. லண்டன் போலீஸ் பிடித்தது. வழக்கில் இந்திய அரசு, தமிழக அரசு என்று பலரும் உரிமை கேட்டார்கள். அந்தப் பாழடைந்த கோயிலும் ஒரு கட்சிக்காரர்! அந்த நடராஜர் பத்தூரில் புதைந்தவர்தான் என்று நிரூபிக்க, அதே இடத்தில் பிற்பாடு கிடைத்த மற்ற திருமேனிகளோடு ஒப்பிட்டார்கள். ஒட்டியிருந்த மண்ணை ஆராய்ந்தார்கள். கரையான் அரித்த தடத்தைக்கூட நிபுணர்கள் பார்த்தார்கள். 1988-ல் தீர்ப்பு, 1991-ல் மேல்முறையீட்டிலும் உறுதி, அதே வருஷம் நடராஜர் நாடு திரும்பினார். கோயில் என்பது இடிந்து கிடந்தாலும் சொத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு 'நபர்' என்பதை லண்டன் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சீட்டு எழுதாமல் போன அர்ச்சகருக்குப் பதிலாகக் கரையான் சாட்சி சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்டெடுத்தவரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் சட்டம் அவருக்கு என்ன சொல்கிறது? 1878-ல் வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம். மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தரவேண்டும், பொருளையும் ஒப்படைக்கவேண்டும். விசாரணையில் சொந்தக்காரர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்வதானால் பொருளின் உலோக மதிப்பும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் தரவேண்டும். மறைத்தால் பங்கும் போய், ஒரு வருஷம் வரை ஜெயில்.

படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சோழர் காலத்து நடராஜரின் உலோக மதிப்பு என்ன, லண்டன் ஏலக் கடையில் அதன் மதிப்பு என்ன? இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் சிலைக் கடத்தல் என்கிற தொழிலே. இன்னொன்று, கோயில் சாமிக்குச் சொந்தக்காரர் இல்லை என்று எப்படிச் சொல்வது? சாமியே சொந்தக்காரர் ஆயிற்றே. இந்தச் சட்டம் பானைக் காசை மனதில் வைத்து எழுதியது. சாமி தன்னைத்தானே ஒளித்துக்கொண்டதை அது யோசிக்கவில்லை.

அதனால் இப்போதும் தோண்டும்போதெல்லாம் தகராறு வருகிறது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் செடி கொடி அகற்றும்போது ஒரு பாத்திரத்தில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன. கோயில் இடம், கோயில் ஆட்கள், அதனால் பிரச்சினை இல்லாமல் கணக்கில் ஏறியது. அதே வருஷம் டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயிலில் கருவறைக்கு முன்னால் இருந்த படிக்கட்டை எடுத்தபோது அரை கிலோவுக்கு மேல் தங்கம் வந்தது. அதிகாரிகள் கேட்டபோது ஊர்க்காரர்கள் கொடுக்கமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். எங்கள் முன்னோர் வைத்தது, திருப்பணி முடிந்ததும் அதே இடத்தில் திரும்ப வைப்போம் என்பது அவர்கள் வாதம். பேச்சுவார்த்தை நடந்து, போலீஸ் வந்து, கடைசியில் தங்கம் அரசு கருவூலத்துக்குப் போனது.

பத்திரிகைகள் இதைப் புதையலுக்கு ஆசைப்பட்ட கிராமம் என்கிற மாதிரி எழுதின. அது அநியாயம். பிரித்துக்கொள்கிறோம் என்று அவர்கள் கேட்கவில்லை. இருந்த இடத்தில் வைக்கிறோம் என்றார்கள். எடுத்ததை எடுத்த இடத்திலேயே வை என்பது ஜியோகேச்சிங்கின் முதல் விதி. சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவுகூடக் கிடையாது. அதே நேரம் அதிகாரிகள் பக்கமும் நியாயம் உண்டு. அரை கிலோ தங்கம் இந்தப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது என்று டி.வி.யில் சொன்ன பிறகு அங்கேயே வைத்தால் எத்தனை நாள் இருக்கும்?

2023 ஏப்ரலில் சீர்காழி சட்டநாதர் கோயிலில் யாகசாலைக்கு மண் எடுக்கும்போது இருபதுக்கு மேற்பட்ட திருமேனிகளும், தேவாரப் பாடல்கள் எழுதிய 400-க்கு மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. சம்பந்தர் பிறந்த ஊரில் தேவாரமே மண்ணுக்குள்ளிருந்து வந்தது! உடனே அதே கேள்வி. கோயிலை நிர்வகிக்கும் தருமபுரம் ஆதீனத் தரப்பு இவை இங்கேயே இருக்கவேண்டும் என்று கேட்டது, அரசுத் துறைகள் தங்கள் வழக்கப்படி கணக்கெடுக்க வந்தன. எசாலத்திலும் சீர்காழியிலும் ஒரு விஷயம் பொது. வைத்தவர்கள் எழுத்தையும் சேர்த்து வைத்திருந்தார்கள். அதனால் இது எந்தக் கோயில் சாமான் என்று யாரும் கரையானைக் கேட்கவேண்டிய அவசியம் வரவில்லை.

ஒளித்து வைப்பதில் வேறு ஒரு வழியும் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் அனந்தசரஸ் குளத்துக்கு அடியில் அத்திமரத்தால் ஆன வரதர் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் படைக்குப் பயந்து குளத்துக்குள் வைத்ததாகவும், இடம் தெரிந்த பெரியவர்கள் காலமாகிவிட நாற்பது வருஷம் போனதாகவும் ஒரு கதை சொல்வார்கள். வேறு கதைகளும் உண்டு. எப்படியோ, அந்த ஒளிப்பு இன்று ரகசியம் இல்லை. இடம் தெரியும், நாள் தெரியும், யாரும் போய்த் தொடுவதில்லை. 1979-ல் வெளியே வந்தார். 2019 ஜூலை 1-ஆம் தேதி மறுபடி வந்து 48 நாள் தரிசனம் தந்தார். லட்சக்கணக்கில் கூட்டம் போய் நின்று பார்த்தது. ஆகஸ்ட் 17 அன்று இரவு மறுபடி குளத்துக்குள் இறக்கினார்கள், தண்ணீர் விட்டார்கள். அடுத்த முறை 2059.